அக்காவுக்கு இடுப்பு வரை, தங்கைக்குத் தோள் வரை: முடி எங்கே நிற்கிறது, ஏன்?

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் பி.ஜி. ஹாஸ்டலில் சேர்ந்த சில மாதங்களில் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இந்தத் தண்ணி எனக்குச் சேரலம்மா, முடி கொத்துக் கொத்தா கொட்டுது." ஊரில் இருக்கும் அம்மா உடனே கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சி பஸ்ஸில் அனுப்புகிறார். இங்கே ஷவருக்கு ஃபில்டர் மாட்டுகிறார்கள். தலைக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு. தண்ணீர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால், முடி எங்கே வளர்கிறது, எப்போது நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முடி வளர்வது வெளியே தெரியும் நுனியில் இல்லை. தோலுக்கு அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில், வேரின் அடிப்பகுதி சிறு குமிழாகப் புடைத்திருக்கும். அந்தக் குமிழுக்குள் செல்கள் ஓயாமல் பிளந்து பெருகுகின்றன. புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ள, தள்ளப்பட்டவை கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, இறுகி, இறந்து, முடியாக வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் கூந்தல் முழுவதும் உயிரில்லாத பொருள். அதில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. கூந்தலின் மேல் எதைத் தடவினாலும் "இன்னும் கொஞ்சம் வளர்" என்ற செய்தி அதன் வழியாக வேருக்குப் போய்ச் சேராது.

இந்த வேலை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் வீதம் நடக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த வேரும் நிற்காமல் வேலை செய்வதில்லை. சில ஆண்டுகள் வளர்பருவம், பிறகு இரண்டு மூன்று வாரம் வேர் சுருங்கும் காலம், அதன்பின் சுமார் மூன்று மாத ஓய்வு. ஓய்வின் முடிவில் பழைய முடி உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதியது கிளம்புகிறது. வளர்பருவம் பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள். சிலருக்கு அதையும் தாண்டும். முடியின் உச்ச நீளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் காலம்தான்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டில் அக்கா, தங்கை இருவர். ஒரே தேங்காய் எண்ணெய் பாட்டில், ஒரே சீயக்காய்த் தூள், ஒரே காவிரித் தண்ணீர். வெள்ளிக்கிழமை இருவருக்கும் தலை பின்னி விடுவதும் ஒரே பாட்டிதான். அக்காவின் பின்னல் இடுப்பைத் தாண்டுகிறது; தங்கையுடையது தோளுக்குக் கீழே கொஞ்சம் இறங்கி எலிவாலாக நின்றுவிடுகிறது. "அவளைப் பாரு, எப்படி வளர்த்து வச்சிருக்கா. உனக்குத் தலையைக் கவனிக்கிற பொறுமையே இல்ல" என்று தங்கைக்குத்தான் திட்டு விழும். அந்தப் பெண்ணுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 12.8 சென்டிமீட்டர் வளர்கிறது என்று வைப்போம். மூன்று ஆண்டில் ஓய்வுக்குப் போகும் வேர் தரும் முடி 38 சென்டிமீட்டர். ஏழு ஆண்டு உழைக்கும் வேர் தருவது 89 சென்டிமீட்டருக்கும் மேல். பெங்களூரிலிருந்து ஒரே வேகத்தில் கிளம்பும் இரண்டு ரயில்களில் ஒன்று ஜோலார்பேட்டையோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று சென்னை வரை போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம்பக் கடினமாக இருந்தால் கண்ணாடியில் புருவத்தைப் பாருங்கள். புருவத்தை வெட்டாமல் விட்டால் கன்னத்தில் வந்து விழுவதில்லை. அதன் வளர்பருவம் ஒன்றிரண்டு மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. கை ரோமம் குட்டையாகவே நிற்பதும் அதனால்தான். கூந்தல் மட்டும் விதிவிலக்காக ஆண்டுக்கணக்கில் வளர்கிறது.

மறுகோடிக்குப் போனால் சீனாவின் ஷியே சியூபிங். 1973-ல் 13 வயதில் முடி வெட்டுவதை நிறுத்தியவர். 2004 மே 8 அன்று அளந்தபோது அவர் முடி 5.627 மீட்டர், கின்னஸ் சாதனை. 31 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 18 சென்டிமீட்டர். 1973-லேயே தலையில் இருந்த முடியைக் கழித்தால் வேகம் இன்னும் குறையும். ஆக, அவர் முடி அசுர வேகத்தில் வளரவில்லை. சராசரியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. மற்றவர்களுக்கு ஐந்தாறு ஆண்டில் ஓய்வுக்குப் போகும் வேர்கள் அவருக்குப் பல பத்தாண்டுகள் நிற்கவே இல்லை என்பதுதான் அதிசயம். 2023-ல் 236.22 சென்டிமீட்டர் முடியோடு கின்னஸில் இடம்பிடித்த உத்தரப் பிரதேசத்தின் ஸ்மிதா ஸ்ரீவஸ்தவாவும் அதே ரகம்.

நிறுத்தச் சொல்வது யார்? அதற்கு உயிரியலில் ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. எஃப்ஜிஎஃப்5 என்ற புரதம் வேரில் சுரந்து, வளர்பருவத்தை முடித்து ஓய்வுக்குப் போகச் சொல்கிறது. 1994-ல் இந்தப் புரதத்துக்கான மரபணு வேலை செய்யாத எலிகளைப் பார்த்தபோது, அவற்றின் ரோமம் வழக்கத்தைவிட வெகு நீளமாக இருந்தது. நீள ரோம நாய்கள், பூனைகள் பலவற்றிலும் இதே மரபணுவில் மாற்றம் இருப்பது பிறகு தெரிந்தது. 2014-ல் மனிதர்களிலும் ஆதாரம் வந்தது: கண்ணிமை முடி அளவுக்கு மீறி நீண்டு வளரும் குடும்பங்களில் எஃப்ஜிஎஃப்5 மரபணு பழுதாகியிருந்தது. நம் எல்லோருடைய கூந்தல் நீள வேறுபாட்டையும் இந்த ஒரு மரபணுவின் தலையில் கட்டிவிட முடியாது. பல மரபணுக்கள், ஹார்மோன்கள், வயது எல்லாம் சேர்ந்த விவகாரம் அது. அக்கா தங்கைக்குள்ளேயே வேறுபடுவதும் அதனால்தான், பெற்றோரிடமிருந்து ஆளுக்கொரு கலவை வருகிறது.

வேகத்திலும் வேறுபாடு உண்டு. கிழக்காசிய மக்களின் முடி நாளுக்கு 0.4 மில்லிமீட்டரை ஒட்டியும், ஆப்பிரிக்க வம்சாவளியினருடையது 0.25 மில்லிமீட்டரை ஒட்டியும் வளர்வதாக அளந்திருக்கிறார்கள். சுருட்டை முடிக்கு இன்னொரு சங்கடம்: இழுத்துப் பிடித்தால் இடுப்பைத் தொடும், விட்டால் தோளில் போய் நின்றுகொள்ளும். வளைவுகளில் அது எளிதாக முறியவும் செய்யும். சுருட்டை முடிக்காரப் பெண்களிடம் "உனக்கு வளரவே மாட்டேங்குதே" என்று சொல்பவர்கள் அளக்காமல் பேசுகிறார்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். பெங்களூருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையம் வழியாக மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. பழைய நகரப் பகுதிகளுக்கு அது வருகிறது. ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுரா, பெல்லந்தூர் பக்கம் பல குடியிருப்புகள் நெடுங்காலம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே இருந்தன. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். குழாயில் வெள்ளை உப்பு படிவதைப் போலவே முடியின் மேலும் அவை படியும். தலை சொரசொரப்பாகிறது, சிக்கு விழுகிறது, சீப்பு இறங்க மறுக்கிறது. இதெல்லாம் உண்மை, கற்பனையல்ல. சிக்கை இழுத்து வாரும்போது முடி முறிவதும் உண்மை. ஆனால் உப்புத் தண்ணீர் முடி இழையையே பலவீனமாக்குகிறதா என்று கோவையில் பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இழையின் வலுவிலோ மீள்தன்மையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பிறகு பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வில் வலு குறைந்தது தெரிந்தது. இழையைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இவை இரண்டுமே வெட்டியெடுத்த முடியைப் பற்றியவை. நாலு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேரை உப்புத் தண்ணீர் ஓய்வுக்கு அனுப்புகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

பிறகு ஏன் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது? இங்கேதான் அந்த மூன்று மாத ஓய்வை நினைவில் வைக்க வேண்டும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், சட்டென்று எடை குறைத்தல், பெரிய மன உளைச்சல் இவற்றில் ஏதாவது நேரும்போது ஏராளமான வேர்கள் ஒரே சமயத்தில் வளர்பருவத்தை நிறுத்திவிடுகின்றன. அன்றைக்கு ஒரு முடியும் விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் எல்லாம் சேர்ந்து கையோடு வரும். டாக்டர்கள் இதை டெலோஜென் எஃப்ளூவியம் என்கிறார்கள். ஊரில் இருக்கும்போது வந்த டெங்குவுக்கான கணக்கை முடி பெங்களூருக்கு வந்தபின் தீர்க்கிறது. பழி கண்ணெதிரே கொட்டும் தண்ணீர் மேல் விழுகிறது. ஹாஸ்டலில் வேளாவேளைக்குச் சாப்பிடாமல் பிஸ்கெட்டும் டீயுமாக ஓட்டினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காலக்கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜென் அதிகமாக இருப்பதால் வேர்கள் வளர்பருவத்திலேயே நீடிக்கின்றன, கூந்தல் அடர்த்தியாகத் தெரிகிறது. பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜென் இறங்க, காத்திருந்த வேர்கள் மொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் உதிர்கின்றன. குழந்தை சிரிக்கத் தொடங்குவதும் அதே சமயம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் பழையபடி வந்துவிடும். புது அம்மாக்கள் இதற்காக அழ வேண்டியதில்லை.

தினமும் எவ்வளவு கொட்டலாம்? தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் 10 சதவீதம், அதாவது 10,000 முடி எந்த நேரத்திலும் ஓய்வில் இருக்கும். அவை 100 நாட்களில் உதிர்ந்தால் நாளுக்கு 100. இடுப்பு வரை கூந்தல் உள்ளவருக்கு அந்த 100 முடி என்பது 70 மீட்டருக்கும் மேலான நூல். சீப்பிலிருந்து எடுத்தால் பெரிய உருண்டை. கிராப் வெட்டிய தம்பிக்கும் அதே 100 கொட்டும், யாருக்கும் தெரியாது. நீள முடிக்காரர்கள் தரையைப் பார்த்துப் பயப்படுவதில் பாதி இந்தக் கண்மயக்கம்தான். தினம் குளிக்காமல் நாலு நாளைக்கொருமுறை தலைக்கு ஊற்றினால், நாலு நாள் பாக்கியும் அன்றைக்கே கையில் வரும்.

உங்கள் முடி ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்பதற்குக் கொட்டிய முடியே சாட்சி சொல்லும். சீப்பில் வந்த முடிகளை வெள்ளைத்தாளில் வையுங்கள். வெள்ளை முடியானால் கறுப்புத் துணியில். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து, வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் இரு முனையும் மொட்டையாக இருந்தால் அது நடுவில் முறிந்த துண்டு. குமிழ் உள்ள முடிகளில் மிக நீளமானதை எடுத்து மறுமுனையைப் பாருங்கள். வெட்டுப்படாத முடியின் பிறவி நுனி ஊசி போல் மெலிந்திருக்கும். அப்படி மெலிந்த நுனியோடு, குமிழோடு, 40 சென்டிமீட்டரில் பல முடிகள் வந்தால் அந்த வேர்களின் முழு நீளமே அதுதான். எந்த எண்ணெயும் அதை இடுப்புக்குக் கொண்டுபோகாது. நுனி பிளந்தோ முறிந்தோ இருந்தால் நல்ல செய்தி: வளர வேண்டியது வளர்ந்திருக்கிறது, நீங்கள் இழந்துகொண்டிருக்கிறீர்கள். இழப்பை நிறுத்த முடியும்.

ஏனென்றால் நீள முடியின் நுனி மிகவும் வயதானது. 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனி கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுக்கு முன் தலையைவிட்டு வெளியே வந்தது. இன்று மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கும் பெண்ணின் பின்னல் நுனி, அவர் சேலத்தில் பிளஸ் டூ படித்தபோது முளைத்தது. வாரம் இருமுறை என்றால் அது 500 தடவைக்கு மேல் தலைக்குளியல் கண்டுவிட்டது. ஈரத்தில் முடி ஊறி, இளகி, எளிதில் அறுந்துபோகும். அதனால் ஈரத்தலையை உச்சியிலிருந்து வாராமல், காய்ந்தபின் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்; நம் பாட்டிகள் செய்ததும் அதுதான்.

எண்ணெய்க்கும் உரிய இடம் இங்கேதான். தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது. முடி இழைக்குள் புகும். குளிப்பதற்கு முன் தேய்த்தால் கழுவும்போது வெளியேறும் புரதம் குறைவதை 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் தெரியவில்லை. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணெய் முடியை வளர்க்கவில்லை, வளர்ந்ததைக் காக்கிறது.

வேருக்கு வேண்டியது ரத்தம் வழியாகப் போகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முடி கொட்டுகிறது என்று ஷாம்பு மாற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பார்ப்பது நல்லது. பயோட்டின் மாத்திரையைக் குறைபாடு இல்லாதவர் சாப்பிட்டு முடி வளர்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டச் செய்யும். ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, காசு வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, ஆறு மாதத்துக்கும் மேல் கொட்டினாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று திருப்பதிக்குப் பஸ் ஏறும் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய. வேண்டுதலுக்குப் போவது வேறு; அது அவரவர் பக்தி. முடிக்காகப் போவதென்றால், மழிப்பது வளர்ச்சியை மாற்றுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார். கத்தி தோலின் மேற்பரப்போடு நிற்கிறது. வேர்களின் எண்ணிக்கையும் அவற்றின் வளர்பருவமும் முன்பிருந்தபடியேதான் இருக்கும். மெலிந்த நுனி போய், வெட்டுப்பட்ட அடிப்பகுதி முளைப்பதால் தடவினால் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. குழந்தைகளுக்கு வயது ஏற ஏற மெல்லிய முடி தானே தடிப்பாகிறது, அந்தப் பெயரும் மொட்டைக்கே போகிறது.