ட்ரெண்டு பின்னாடி ஓடுற தம்பிங்களுக்கு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல பாட்டு மிக்ஸிங் பண்ற ஒரு அண்ணன் சொல்றது

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், அப்பதான் எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குற சின்ன மியூசிக் ரூமுக்குக் கூட்டம் வரும். கடலுக்குப் போற பசங்க, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், அங்கிட்டு தேவிபட்டினம் வரைக்கும், லேப்டாப்ப பைல போட்டுக்கிட்டு "அண்ணே ஒரு ட்ராக் பண்ணிருக்கேன், மிக்ஸ் மட்டும் பண்ணிக் குடுங்க"ன்னு வருவாங்க. போன தடைக்காலத்துல ஒரே வாரத்துல நாலு பேரு வந்தானுங்க, ஒருத்தன ஒருத்தன் தெரியாது, ஆனா நாலு ட்ராக்குலயும் அதே கிக் (தொம்முனு விழுற ட்ரம் அடி), எட்டு பாருக்கு (எட்டு தாளச் சுத்துக்கு) ஏத்திக்கிட்டே போற அதே பில்டப்பு, அதே எடத்துல ஒரு செகண்டு அமைதி, அப்புறம் அதே பேஸ் வந்து விழுது, அதத்தான் ட்ராப்புன்னு சொல்வாங்க. ரெண்டு பேரு ட்ராக்ல பொண்ணு குரல்ல வர்ற லூப்பு, அதாவது திரும்பத் திரும்ப ஓடுற சத்தத் துண்டு கூட ஒண்ணேதான். எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு. கடலுக்குப் போயிட்டு வந்து தூக்கத்த விட்டுட்டு உக்காந்து மாசக்கணக்குல செஞ்சது அது.

அதனாலதான் இத எழுதுறேன்.

நானும் இதுல மாட்டுனவன்தான். 2012-ல டப்ஸ்டெப்ங்கிற எலக்ட்ரானிக் மியூசிக் எங்க பாத்தாலும் ஓடுச்சு, அந்த வவ்வவ்னு பேசுற பேஸ் வராத பாட்டே பாட்டு இல்லன்ற மாதிரி இருந்துச்சு. எட்டு மாசம் வேற எதையும் தொடாம அத மட்டும் கத்துக்கிட்டேன், எல்எஃப்ஓவ (ஒரு சத்தத்த மேலயும் கீழயும் ஆட்டி விடுற கருவிய) ஃபில்டர் கட்ஆஃப்ல மாட்டி வேகத்த மாத்தி மாத்தி ராத்திரி பூரா. கை பழகி சரியா வர்றப்ப கேக்குறதுக்கு ஆளு இல்ல, எல்லாரும் வேற சத்தத்துக்குப் போயிட்டாங்க. கத்துக்கிட்டது வீணாப் போகல, எல்எஃப்ஓ இன்னைக்கும் எனக்கு சோறு போடுது. ஆனா அதுக்கு முன்னாடி நான் செஞ்சு வச்சிருந்த பதினாலு ப்ராஜெக்ட்ட "இது பழைய மாதிரி இருக்கு"ன்னு நானே டெலிட் பண்ணேன். அதுல என்ன இருந்துச்சுன்னு இப்ப நெனச்சுப் பாத்தா ரெண்டு மூணு டியூன் மட்டும்தான் ஞாபகம் வருது, மத்தது போனது போனதுதான்.

ட்ரெண்டு நம்ம கிட்ட எப்படி வந்து சேருதுன்னு கொஞ்சம் யோசிங்க. ஒருத்தன் எங்கயோ ஒரு சத்தத்த கண்டுபிடிக்கிறான், அது ஹிட் ஆகுது, அப்புறம் நூறு பேரு செய்றாங்க, அப்புறம்தான் அது ப்ரீசெட்டாவும் (ரெடிமேட் செட்டிங்) சாம்பிள் பேக்காவும் (ரெடிமேட் சத்தக் கட்டு) "பத்து நிமிசத்துல இந்த பேஸ் செய்வது எப்படி"ன்னு வீடியோவாவும் வரும். அந்த வீடியோ நம்ம போனுக்கு வர்றப்ப, கண்டுபிடிச்சவன் அத விட்டுட்டு வேற எங்கயோ போயிருப்பான். நம்ம கைக்கு வர்றது நேத்து வச்ச மீன் கொழம்பு மாதிரி, ருசி இருக்கும், ஆனா சமைச்சது நம்ம இல்ல.

இன்னொரு விசயம், இது காசு சம்பந்தப்பட்டது. ராயல்டி ஃப்ரீ லூப்பு வாங்குனா அது உங்களுக்கு மட்டும் கெடச்ச உரிமை இல்ல, வாங்குற எல்லாருக்கும் அதே உரிமைதான். அந்த லூப்ப அப்படியே வச்சு செஞ்ச பாட்ட யூடியூப் கன்டென்ட் ஐடில, அதாவது ஒரு பாட்டு வேற வீடியோல வந்தா தானா கண்டுபிடிக்கிற முறைல, பதிய அனுமதி கெடையாது. அதையும் மீறி எவனாவது பதிஞ்சுட்டான்னா, அதே லூப்பு இருக்குற உங்க பாட்டு மேல க்ளெய்ம் வரும், நீங்க லைசென்ஸ தேடி எடுத்து டிஸ்ப்யூட் போட்டு காத்துக் கெடக்கணும். பழைய சினிமாப் பாட்டுல இருந்து "ஏழு செகண்டுதானண்ணே எடுத்தேன், அதுக்கு கேஸ் வராது"ன்னு சொல்றவங்களுக்கும் சொல்றேன், அப்படி செகண்டு கணக்கு நம்ம நாட்டு காப்பிரைட் சட்டத்துல எங்கயும் கெடையாது.

என் ரூமுக்கு வர்ற எல்லாருக்கும் மொதல்ல நான் போட்டுக் காட்டுறது சரண்ஜித் சிங் 1982-ல பம்பாய்ல செஞ்ச ரெக்கார்டுதான். இந்தி சினிமால வாசிச்சுக்கிட்டு இருந்தவரு. அப்ப ட்ரெண்டு டிஸ்கோ. அவரு கைல ரோலண்ட் கம்பெனியோட மூணு மெஷின், 808 ட்ரம், 303 பேஸ், ஜூபிட்டர் 8 கீபோர்டு. டிஸ்கோ பீட்ட ஓட விட்டு, அது மேல பத்து ராகத்த வாசிச்சாரு, அவ்வளவுதான். அப்ப அது பெருசா விக்கல. அஞ்சு வருசம் கழிச்சு 1987-ல சிகாகோல சில பசங்க அதே 303 மெஷின திருகித் திருகி ஆசிட் ஹவுஸ்னு ஒரு டான்ஸ் மியூசிக்கக் கொண்டு வந்தாங்க, 2010-ல இவரு ரெக்கார்ட மறுபடி வெளியிட்டப்ப உலகமே கேட்டுட்டு, இது எப்படி அதுக்கு முன்னாடியே பம்பாய்ல இருந்துச்சுன்னு ஆச்சரியப்பட்டுச்சு. அவரு ட்ரெண்ட ஒதுக்கல பாருங்க, பீட்டு ட்ரெண்டுதான். ஆனா அது மேல என்ன வைக்கணும்னு முடிவு பண்றப்ப தனக்குத் தெரிஞ்சத வச்சாரு. அந்த 303-ய ரோலண்ட் செஞ்சதே கிட்டாரிஸ்ட்டு தனியா ப்ராக்டிஸ் பண்றப்ப கூட பேஸ் வாசிக்கிறதுக்குத்தான், அந்த வேலைக்கு அது சரிப்படாம செகண்ட்ஹேண்ட் கடைல மலிவா கெடந்ததுதான் சிகாகோ பசங்க கைக்குப் போச்சு.

இப்ப அந்த நாலு பேருல ஒருத்தனப் பத்தி சொல்றேன். அவன் ட்ராக்க திறந்து கிளாப்ப மட்டும் சோலோ போட்டேன், எல்லாம் கிரிட்ல (கம்ப்யூட்டர் போடுற தாளக் கட்டத்துல) கோடு போட்ட மாதிரி உக்காந்திருக்கு. "வேற ஏதாவது பழசு இருக்காடா"ன்னு கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு ஃபோல்டர திறந்தான், அஞ்சு அரைகுறை ப்ராஜெக்ட். கேட்டா, அஞ்சுலயும் கிளாப்பு ஒரு இருபது முப்பது மில்லிசெகண்டு பின்னாடி வந்து விழுது. சோம்பேறித்தனமா, நல்லா சாஞ்சு உக்காந்து தட்டுற மாதிரி ஒரு நடை, எனக்கு தானா தல ஆட ஆரம்பிச்சுருச்சு. "இது தப்புண்ணே, கைல தட்டி ரெக்கார்டு பண்ணேன், அப்ப குவான்டைஸ் பண்ணத் தெரியாது"ன்னான். குவான்டைஸ்னா தட்டுனத அந்தக் கட்டத்துக்கு இழுத்து வைக்கிறது. ஒரு பாட்டுல வந்தா தப்புன்னு சொல்லலாம்டா, அஞ்சு பாட்டுலயும் ஒரே அளவுல வந்தா அது உன் கைன்னு சொன்னேன். அந்த நடை எங்கருந்து வந்துச்சுன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, தெரியணும்னு அவசியமும் இல்ல. புது ட்ராக்ல கிக்க கிரிட்லயே விட்டுட்டு கிளாப்ப மட்டும் மறுபடி கையாலயே தட்டச் சொன்னேன். அதே ட்ரெண்டு பேஸ்தான், ஆனா கேட்டா அவன் பாட்டாத் தெரிஞ்சுச்சு.

சொந்த ஸ்டைல்னு சொன்ன உடனே சில பேரு என்ன பண்றாங்கன்னா பாம்பன் பாலத்துல ரயிலு போற சத்தத்த மொத எட்டு செகண்டு வச்சுட்டு, இல்லன்னா யாராவது பெரியவர புடிச்சு வலை இழுக்குறப்ப பாடுற அம்பாப் பாட்டு ரெண்டு வரி பாட வச்சுட்டு, அப்புறம் அதே பில்டப்பு அதே ட்ராப்பு. ஊர் சத்தத்த ஒட்ட வச்சா ஸ்டைல் ஆகாதுப்பா, கல்யாண வீட்டு வாசல்ல வாழ மரம் கட்டுற மாதிரிதான் அது. அந்த அம்பால ஒருத்தர் இழுத்து விட்டு மத்தவங்க சேந்து புடிக்கிறாங்கல்ல, வலைய இழுக்குறதுக்கு மூச்சு வாங்குற நேரம் ஒண்ணு நடுவுல இருக்குல்ல, அத உங்க அரேஞ்ச்மென்ட்ல கொண்டு வந்து பாருங்க. பாட்டே வேணாம், அந்த இடைவெளி போதும். அப்படி செய்றவங்க ரொம்பக் கம்மி.

காதுக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு, இத யாரும் பேசுறதில்ல. ஹிட் பாட்ட ரெஃபரன்ஸா பக்கத்துல வச்சுக்கிட்டு உங்க மிக்ஸக் கேட்டா உங்களுது சப்புன்னு இருக்கும். அது மாஸ்டர் பண்ண (வெளியிடுறதுக்குக் கடைசியா மெருகேத்துன) பாட்டு, சத்தம் கூட, நம்ம காது சத்தம் கூட இருக்குறதத்தான் நல்லதுன்னு நெனைக்கும். உடனே வால்யூம ஏத்துவீங்க, லிமிட்டர (உச்ச சத்தத்த அமுக்கி வைக்கிற கருவிய) அமுக்குவீங்க, பாட்டுல இருந்த உயிரு போயிரும். ரெஃபரன்ஸ ஆறேழு டெசிபல் எறக்கி ரெண்டையும் ஒரே அளவுல வச்சுக் கேளுங்க. ஸ்பாட்டிஃபை எப்படியும் சாதாரணமா மைனஸ் 14 லஃப்ஸ்க்கு (காதுக்குக் கேக்குற சத்தத்தோட அளவு) எறக்கித்தான் ஓட்டும், நீங்க அமுக்குனதுக்கு அங்க ஒரு பலனும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90-க்குப் போனா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். ஏற்கனவே படகு இஞ்சின் பக்கத்துல ராத்திரி பூரா நிக்கிறவன் ஹெட்போன மாட்டி முழு சத்தத்துல உக்காந்தா என்ன ஆகும்? எனக்கு எடது காதுல ஒரு விசில் சத்தம் ஆறு வருசமா நிக்கல. தயவு செஞ்சு இத லேசா எடுத்துக்காதீங்க.

ட்ரெண்டே கூடாதுன்னு நான் சொல்லல. திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, ரீல்ஸுக்குன்னு காசு குடுத்துக் கேக்குறவங்களுக்கு அவங்க கேக்குற சத்தத்த சுத்தமா செஞ்சு குடுக்கணும், அது தொழில். ஆனா அதுலயும் எடம் பாத்து செய்யணும். போன வருசம் ஒரு தம்பி செஞ்ச ட்ராக்க கொடை விழாவுல ரேடியோ செட்டுல போட்டாங்க, அவன் 50 ஹெர்ட்ஸ்ல உக்கார வச்ச 808 பேஸ் குழாய்ல வரவே இல்ல, வெறும் ஹை ஹேட்டு மட்டும் சிக்சிக்னு கேட்டுச்சு, அவன் மொகத்த பாக்க முடியல. குழாய்லயும் போன்லயும் அந்த அடி சத்தம் வராது, கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்த லேசா கரகரப்பாக்குறது) போட்டு மேல ஹார்மோனிக்ஸ் (அதோட சேந்து வர்ற மேல் சத்தம்) உண்டாக்குனாதான் பேஸ் இருக்குறதாவே காதுக்குத் தெரியும். ஹெட்போன்ல கேக்குறவனுக்காக செஞ்ச ட்ரெண்ட அப்படியே எடுத்து ஊர் மைதானத்துல போட்டா இப்படித்தான் ஆகும்.

வர்ற தடைக்காலத்துக்கு என் ரூமுக்கு வர்றவங்க புது ட்ராக்கோட சேத்து, முடிக்காம விட்ட பழைய ப்ராஜெக்ட் அஞ்சாவது பென்டிரைவ்ல எடுத்துட்டு வாங்க. கேக்க வெக்கமா இருக்குறது, தப்பும் தவறுமா இருக்குறது, எதையும் டெலிட் பண்ணாம. மொதல்ல அதத்தான் கேப்போம், புதுச அப்புறம் திறக்கலாம்.