காது இருந்தால்தான் கற்பனை

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் வாத்தியக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவது, ராத்திரியானால் ஆர்கெஸ்ட்ரா. நான் வயலின்காரன். கச்சேரிக்கும் போவேன், மெல்லிசைக் குழுவிலும் வாசிப்பேன், மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் சுற்றிச் சுற்றி வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், நோட்டுல இருக்கறத அப்படியே வாசிக்கிறான். சொந்தமா கற்பனை எப்ப வரும்?"

வரும். ஆனால் அதற்கு விரலைவிடக் காது முக்கியம். பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். பாடகர் தோடி ராகத்தில் ஒரு பிடியை, அதாவது அந்த ராகத்துக்கே உரிய ஒரு சின்ன ஸ்வரத்தொடரை, பாடி நிறுத்துகிறார். காந்தாரம் என்ற 'க' ஸ்வரத்தை எவ்வளவு அசைத்தார், எந்த இடத்தில் விட்டார் என்பதைக் காது வாங்கியிருந்தால்தான், அந்த வாலைப் பிடித்து நம்முடையதைத் தொடங்க முடியும். யோசித்து வாசிக்க அவகாசமே கிடையாது. மேடையில் ஜனங்கள் 'கற்பனை' என்று தலையாட்டுவதில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய நொடியில் ஒழுங்காகக் கேட்டதன் பலன்.

தம்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். தந்தியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், தந்திக்கு அடியில் ஒரு நூல் கொடுப்போம், ஜீவா என்று பெயர். அதை இம்மியளவு நகர்த்தினால் போதும், அதுவரை மொட்டையாக இருந்த நாதம் ரீங்காரமாகத் திறந்துகொள்ளும். அந்த ரீங்காரம் முழுக்க மேலே மேலே எழும் நுண்ணிய ஒலிகள். பெருஞ்சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடிவாங்குவதும் மேல் ஒலிகள்தான், பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்பது ஒலி எவ்வளவு மேலே என்பதற்கு அளவு). அப்படிக் காது கெட்டவர் நூலை நகர்த்திக்கொண்டே இருப்பார், திறந்தது அவருக்குத் தெரியாது. பேச்சிலும் இதே கதைதான். குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. "வாய்க்குள்ளயே பேசாதே" என்று வீட்டில் இருப்பவர்களைத் திட்ட ஆரம்பிப்பார்.

உட்செவியில் இருக்கும் மயிரிழை அணுக்கள்தான் ஒலியை நரம்புக்கு ஏற்றிவிடுகின்றன. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தின் அளவு டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்குமேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100-ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான். நம் ஊர் ஆர்கெஸ்ட்ரா மேடையில், பக்கத்தில் டிரம்ஸ், எதிரே மானிட்டர் ஸ்பீக்கர் என்று நிற்பவருக்கு அந்தக் கால் மணி முதல் இரண்டு மூன்று பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

வயலினில் இன்னொரு விஷயமும் உண்டு. கச்சேரியில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கச் சுருளைக் கணுக்காலில் ஊன்றி, மார்போடு அணைத்து வாசிக்கிறோம். காதுக்கும் தந்திக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். மெல்லிசை மேடையில் நின்றுகொண்டு தாடைக்கு அடியில் பிடிக்கும்போது இடது காது தந்திக்குமேல் கவிழ்ந்தே இருக்கிறது. இப்படி வாசிப்பவர்கள் இடது காதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே "பீத்தோவன் காது கேட்காமலே எழுதலையா?" என்று கேட்பார்கள். எழுதினார், ஒன்பதாவது சிம்பொனி 1824-இல் அரங்கேறியது. ஆனால் அவருக்குக் காது மங்கத் தொடங்கியது முப்பதை நெருங்கும்போது. அதற்குள் சிறுவயதிலிருந்து கேட்டுக்கேட்டு ஒரு களஞ்சியமே மனதில் சேர்ந்துவிட்டது. 1802-இல் அவர் எழுதிவைத்த கடிதத்தைப் படித்தால் அந்த மனிதர் பட்ட பாடு தெரியும். பத்து வயதுப் பையனுக்கு இந்த உதாரணத்தைச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை.

சேலத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: தறி. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் வகுப்பில் எதையும் உரக்கப் பாடுவார்கள், சன்னமாக வாசித்தால் "கேக்கல சார்" என்பார்கள். விசைத்தறி ஓடும் கொட்டகையில் சத்தம் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். சாதகத்தைத் தறி நிற்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு, அதையும் மீறி வாசிப்பது ரெட்டைக் கேடு. தறி ஓட்டும் அப்பாவுக்கும் காதடைப்பான் வேண்டும். பஞ்சு வைத்தால் பெரிதாக எதுவும் குறையாது.

கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் தறிக்குச் சரி. மேடைக்கு அது கொஞ்சம் மந்தம், மேல் ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் இருக்கின்றன. காதின் அச்செடுத்தும் செய்து தருகிறார்கள். முதல் சில நாள் சுருதி அந்நியமாகப் படும், அப்புறம் பழகிவிடும்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது காது அடைப்பது வேறு. அது காற்றழுத்தம், எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் திறந்துவிடும். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் 'கொய்ய்' என்று இரைந்தால் அது எச்சரிக்கை. காலையில் நின்றுவிட்டது என்பதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். ஒரு காது திடீரென்று மங்கினால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், நாள் கடந்தால் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறையும். வாசிப்பவர்கள், பாடுபவர்கள் எதுவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்துவிடலாம். திருவிழாவில் வாசித்த மறுநாளே போகாதீர்கள், களைத்த காது தப்பான கணக்குக் காட்டும். ஒரு நாளாவது சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போய், வாத்தியம் வாசிப்பவர் என்று சொல்லி, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.