எவிக்‌ஷன்: வெளியேற்றமா, வெளியேற்ற வழக்கா?

அமெரிக்காவில் வாடகை வீடு தேடுபவர் நிரப்பும் விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் உங்கள்மேல் ‘எவிக்‌ஷன்’ இருந்ததா? அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடும்.

வேர் இலத்தீன். ‘வின்கெரே’ என்றால் வெல்லுதல். விக்டரி என்ற சொல்லும் அதன் கிளைதான். அதிலிருந்து பிறந்த ‘எவின்கெரே’, முற்றாக வெல்லுதல் என்றும், வழக்காடிச் சொத்தை மீட்டல் என்றும் பொருள்பட்டது. ஆகவே எவிக்‌ஷன் பிறப்பிலேயே நீதிமன்றச் சொல். ஒருவர் வழக்கில் வென்றார், அதனால் மற்றவர் வெளியேறினார் என்பதே அதன் கரு.

நம் வீடுகளில் இதைச் சொல்லும் விதம் வேறு. “வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.” காலி என்பது அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல், வெறுமை என்று பொருள். வேலை மாற்றலாகி நாமே மூட்டை கட்டினாலும் காலி செய்வதுதான்; கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்றாலும் காலி செய்வதுதான். வீடு வெறுமையானதை மட்டும் அது சொல்கிறது. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. குடித்தனம், குடிபோதல், குடிக்கூலி என்று ‘குடி’யை வைத்தே வாழ்க்கையைப் பேசிய மொழி நமது. அந்த வரிசையில் ‘குடியெழுப்பல்’ என்று சொன்னால் மனிதர்களும் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனாலும் செய்தியிலும் சட்டப் பேச்சிலும் ‘வெளியேற்றம்’ நிலைத்துவிட்டது. அது இருக்கட்டும்.

நான் மறுப்பது அடுத்த சொல்லை. ‘எவிக்‌ஷன் ரெக்கார்ட்’ என்பதை ‘வெளியேற்றப் பதிவு’ என்று எழுதுகிறார்கள். அது தவறு, அதுவும் குடியிருப்பவரைக் காயப்படுத்தும் தவறு. அமெரிக்காவில் வீட்டுக்காரர் மனு தாக்கல் செய்த அன்றே நீதிமன்றப் பதிவேட்டில் வாடகைதாரரின் பெயர் ஏறிவிடுகிறது. யார் வென்றார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு பாக்கியைக் கட்டிச் சமரசம் ஆகலாம், வழக்கு தள்ளுபடியாகலாம், வாடகைதாரரே வெல்லலாம். அவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கவும் கூடும். ஆனாலும் பெயர் பல இடங்களில் அப்படியே நிற்கும். வாடகை தாமதமாகும்போதெல்லாம் வசூலுக்காகவே மனுப் போடும் வீட்டுக்காரர்களும் உண்டு. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் வெளியேற்ற வழக்குகள் தொடரப்பட்டதாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எவிக்‌ஷன் லேப் என்ற ஆய்வுக் குழு மதிப்பிடுகிறது. அது தொடரப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை. வெளியேறிய குடும்பங்களின் எண்ணிக்கை அல்ல.

எனவே சரியான தமிழ் ‘வெளியேற்ற வழக்குப் பதிவு’. நடுவில் வரும் ‘வழக்கு’ என்ற சொல்லை விடக்கூடாது.

இந்தப் பதிவுகளைத் திரட்டி, விண்ணப்பதாரரைப் பற்றி வீட்டுக்காரருக்கு அறிக்கை விற்கும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. கூட்டாட்சிச் சட்டப்படி வழக்கு விவரத்தைப் பொதுவாக 7 ஆண்டுகள் வரை காட்டலாம். ஒருவர் கடனை எப்படிக் கட்டினார் என்று காட்டும் கடன் அறிக்கை (கிரெடிட் ரிப்போர்ட்) இதிலிருந்து வேறுபட்டது: அதில் வழக்கு வராது, வசூல் நிறுவனத்துக்குப் போன வாடகைப் பாக்கி வரக்கூடும். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் வழக்கு நம் அறிக்கையில் ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. முடிவு என்னவென்று படிக்காமல், வழக்கு இருந்தது என்பதற்காகவே வீட்டுக்காரர்கள் பலர் விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர், கேள்வி கேட்காத வீட்டைத் தேடிப் போகவேண்டியதாகிறது. அது பெரும்பாலும் பராமரிப்பில்லாத வீடு.

சில மாநிலங்கள் இதைத் திருத்தியிருக்கின்றன. 2017 முதல் கலிபோர்னியாவில், 60 நாட்களுக்குள் வீட்டுக்காரர் வென்றாலொழியப் பதிவு பொதுவாகப் பொதுப்பார்வைக்கு வராது. சொல்லின் இலத்தீன் வேர் கேட்ட வெற்றியை இந்தச் சட்டமும் கேட்கிறது. நியூயார்க்கில் பழைய வழக்கைக் காரணம் காட்டி வீடு மறுக்க 2019 முதல் தடை.

அங்கே குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. வீட்டுக்காரர் தரும் நோட்டீஸ் வழக்கு ஆகாது. அது மட்டும் வந்திருந்தால் நீதிமன்றத்தில் பதிவு இல்லை. விண்ணப்பம் கேட்பது ‘வெளியேற்றப்பட்டீர்களா’ என்றா, ‘வழக்குத் தொடரப்பட்டதா’ என்றா என்று நிதானமாகப் படியுங்கள். அறிக்கையை வைத்து வீடு மறுத்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று வீட்டுக்காரர் சொல்லியாகவேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அதன் பிரதி இலவசம். அதில் பிழை இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம்.