ஸ்டால் போட்ட பிறகு வராதீர்கள்

போன வாரமும் ஒருவர் காப்புரிமை கேட்டு என்னிடம் வந்தார். கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் செய்யும் சின்னப் பட்டறை. மணல் வரும் போர்வெல்லில் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் உருளை) சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க அவரே ஒரு வழி கண்டிருக்கிறார். பித்தளைப் புஷ்ஷை என் மேசைமேல் வைத்து, உள்ளே பள்ளமாக ஓடிய காடியை விரலால் தடவிக் காட்டினார். அதன் போக்கு வழக்கமானதே இல்லை. நல்ல வேலை.

"வெளியே யாருக்காவது காட்டினீர்களா?" என்று கேட்டேன். பெருமையாக போனை நீட்டினார். கண்காட்சி ஸ்டாலில் பம்பைக் குறுக்கே வெட்டி வைத்து, காடி தெளிவாகத் தெரியும்படி எடுத்த வீடியோ. போன வருடமே யூடியூபில் ஏற்றியாகிவிட்டது. "முதலில் செய்தது நான்தான் சார், இதுவே சாட்சி."

அந்த வீடியோ அவருக்கு எதிரான சாட்சி. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது! காப்புரிமைச் சட்டம் முதலில் கேட்பது, விண்ணப்பத் தேதிக்கு முன்பு இது உலகில் எங்காவது வெளியே தெரிந்திருந்ததா என்பதைத்தான். வெளியிட்டது நீங்களே என்றாலும் பொதுவாக அது புதுமையைக் கெடுக்கும். ஸ்டால், பிரசுரம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், விற்ற முதல் பம்ப் எல்லாமே கணக்கில் வரும். காப்புரிமை அலுவலகம் கவனிக்காமல் விட்டாலும், போட்டிக்காரர் அதே வீடியோவை வைத்து ஆட்சேபம் போடுவார். கண்காட்சியில் காட்டியதற்குச் சட்டத்தின் பிரிவு 31-இல் 12 மாத விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு. ஊரில் நடக்கும் எல்லாத் தொழிற்காட்சியும் அதில் வராது.

"டிரேட்மார்க் இருக்கிறதே" என்பார்கள். அது பெயருக்கு. காடிக்கு இல்லை.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறு நிறுவனம் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படை அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் கட்டணமும், விண்ணப்பம் எழுதித்தரும் முகவர் கட்டணமும் தனி. பம்ப் சோதனை இன்னும் முடியவில்லையா? கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல்கட்ட ஆவணமான தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டு வையுங்கள், முழுசாகத் தர 12 மாதம் கிடைக்கும். ஆனால் நாலு வரி எழுதிப் போடாதீர்கள். அதில் விவரிக்காத எதற்கும் அதைப் போட்ட தேதி உதவாது. தெரிந்த இரண்டு சாமான்களைச் சேர்த்து, இரண்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது என்றால் பிரிவு 3(எஃப்) தள்ளிவிடும். அதோடும் வராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை வேண்டும் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் 18 மாதத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும். பம்பைக் கழற்றினால் தெரிந்துவிடுவதற்கு விண்ணப்பியுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் பக்குவம், காஸ்டிங் கலவை போல, கழற்றிப் பார்த்தும் பிடிபடாததைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க்குக்கு டிராயிங் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள், சொந்த மச்சானே ஃபவுண்டரி வைத்திருந்தாலும்.

தயவுசெய்து, சோதனையில் பம்ப் சரியாக ஓடிய அன்றே டிராயிங்கையும் உத்யம் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஒரு காப்புரிமை முகவரைப் பாருங்கள். வீடியோவை அதற்கப்புறம் எடுக்கலாம்.