கதிரைக்கு முதல் அளவுநாடா

போன மாதம் நிலாவெளிக்கு அப்பால் ஒரு கரையோரக் கிராமத்துக்குப் போயிருந்தேன். தென்னையடியில் மூன்று சக்கர நாற்காலிகள் நின்றன. ஒன்றில் வலை காய்ந்தது, இன்னொன்றில் கோழி அடைகிடந்தது, மூன்றாவதன் முன்சில்லு மணலில் புதைந்து துருவேறியிருந்தது. மூன்றும் உள்ளே பாயில் குப்புறக் கிடந்த ஒரு தம்பிக்குக் கிடைத்தவை.

கடலட்டைக்குச் சுழியோடியவர். ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. துணியை விலக்கிப் பார்த்தேன். பிட்டத்தில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண், அடியில் எலும்பு தெரிந்தது.

"மூண்டு கதிரை தந்திட்டினம் பிள்ளை. ஒண்டிலயும் இவன் ஒழுங்கா இருக்கேலாது" என்றார் தாய்.

இயன்மருத்துவராக இந்த மாவட்டத்தில் நான் பார்க்கும் படுக்கைப் புண்களில் பல படுக்கையில் வந்தவை அல்ல. கதிரையில் வந்தவை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சில்லுப் பூட்டிய கதிரைதானே, யார் இருந்தால் என்ன என்கிறார்கள். ஐம்பது பேரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஒன்பதாம் நம்பர் செருப்புக் கொடுப்பீர்களா? செருப்பு கடித்தால் வலிக்கும், கழற்றி எறிந்துவிடுவோம். முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு அந்த வலியே வராது. நாம் கதிரையில் இருக்கும்போது நம்மை அறியாமலே அசைந்து கொடுக்கிறோம். அவர் அசையமாட்டார். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் தோல் நசுங்கும், இரத்தம் ஓடாது, தோல் செத்துப்போகும்.

தம்பியின் இடுப்பு அகலம் 14 அங்குலம். கொடுத்த கதிரையின் இருக்கை 18. நடுவில் இருக்கமுடியாமல் ஒரு பக்கம் சரிந்தே இருந்திருக்கிறார், புண்ணும் அந்தப் பக்கம்தான். இருக்கை மெத்தை தரவில்லை, வெறும் றெக்சின் துணி. மூன்றாவது கதிரையைக் கொடுத்த நாளில் பிரதம விருந்தினர் வரும்வரை காலையிலிருந்து மதியம் தாண்டியும் வெயிலில் அதிலேயே இருத்திவைத்தார்களாம். அன்று பின்னேரம் தாய் பிட்டத்தில் ஒரு சிவப்பைக் கண்டிருக்கிறார். சூட்டுக்கு என்று எண்ணெய் பூசினாராம். எனக்குக் கோபம் தாய்மேல் இல்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008 இலேயே கைச் சக்கர நாற்காலிக்கான வழிகாட்டலில் எட்டுப் படிகளைச் சொல்லிவிட்டது. ஆளைப் பார்த்து அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பாவிக்கப் பழக்குவது, திருத்தம் செய்து தொடர்ந்து கவனிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மிடம் நடப்பது ஒரு படி. அதுவும் மேடைப்படி.

சமூக சேவை உத்தியோகத்தர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. ஒருவரே எத்தனையோ கிராமங்களுக்கு ஓடுகிறார். ஆனால் அவர் கையிலுள்ள படிவத்தில் என்ன குறை, என்ன வருமானம் என்றுதான் கேட்டிருக்கிறது. உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது என்ற கேள்வி இல்லை. நான் தம்பியிடம் அதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார்.

"தனிய கக்கூசுக்குப் போகணும் மிஸ்."

அளந்து பார்த்தோம். கதவு 24 அங்குலம், கதிரை சில்லுகளோடு 26. எத்தனை கதிரை கொடுத்தாலும் நுழையாது. தச்சர் ஒருவர் நிலையைக் கழற்றித் திரை போட்டார், அரைநாள் வேலை. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளச் சாய்தளம், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில். ஒரு கதிரையின் விலைகூட ஆகவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. இதே தம்பியைத்தான் ஒரு கையொப்பத்துக்காக ஓர் அலுவலகத்தின் மாடிக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே இறங்கிவந்து கையொப்பமிட ஐந்து நிமிடம் ஆகுமா?

உதவ நினைப்பவர்களே, உங்கள் மனதை நான் குறை சொல்லவில்லை. முதலில் வீட்டுக்குப் போங்கள். இடுப்பு, தொடை, முழங்கால் அளவுகளை எடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். மெத்தை இல்லாமல் கதிரை கொடுக்காதீர்கள். முற்றம் மணலென்றால் சின்ன முன்சில்லு உள்ளதை வாங்கவே வேண்டாம். படம் எடுக்க ஆட்களை வெயிலில் இருத்தாதீர்கள், தயவுசெய்து.

வீட்டுக்காரருக்கு ஒன்று. அவர் மெத்தையில் இருக்கும்போது கதிரையின் பின்பக்கமாகக் கையை விட்டு, பிட்டத்தில் துருத்தும் எலும்புக்கு அடியில் விரல் நுனியை வையுங்கள். விரலை மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் நல்லது. ஆட்ட முடியவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் மெத்தை போதாது. விரல் நசுங்கி இழுக்கவே வரவில்லையா, உடனே இறக்கிப் படுக்கவையுங்கள். கைக்குப் பலம் இருப்பவர் கால்மணி, அரைமணிக்கு ஒருதரம் உடம்பைத் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் முன்பக்கம் சரித்துவிடுங்கள். இரவில் தோலைப் பாருங்கள். சிவப்பு மாறவில்லை என்றால் எண்ணெய் பூசாதீர்கள், தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, அடுத்த நாளே கிளினிக்குக்கு வாருங்கள்.

தம்பி இன்னும் குப்புறத்தான் கிடக்கிறார். போன கிழமை போனபோது சாக்கை விரித்து யாரோ ஒருவரின் படகு இஞ்சின் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்தார். "கதிரை சரிவந்தா வேலை செய்யிற மேசைய எவ்வளவு உயரத்தில அடிக்கிறது மிஸ்?" என்று கேட்டார். முழங்கால் உயரத்தை அளந்து, அதற்குமேல் தொடையும் மெத்தையும் புகுந்துபோக இடம் விட்டு, ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.