இன்சார்ஜ்: பொறுப்பாளரா, மேலாளரா?

கோயம்புத்தூர் கிராஸ்கட் சாலையில் பல தளங்களாக எழுந்து நிற்கும் ஜவுளிக்கடை ஒன்றில், வாங்கிய சேலையில் இழை பிசகியிருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டால், விற்பனைப் பெண் தாமாக முடிவு சொல்லமாட்டார். "இன்சார்ஜ்கிட்டக் கேட்டுச் சொல்றனுங்க" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். ஈரோட்டுக் கடைவீதியிலும், பொள்ளாச்சியின் பல்பொருள் அங்காடியிலும், திருப்பூர் பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியிலும் இதே சொல்தான் புழங்குகிறது. ஆனால் அந்த இன்சார்ஜ் எதை முடிவு செய்யலாம், எதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பதற்கு அந்தச் சொல்லுக்குள் விடை இல்லை. ஒரு கடையில் அப்பெயர் பூண்டவர் ஒரு தளம் முழுவதற்கும் ஆள் பிரித்து விடுபவர். அடுத்த கடையில் அவர் சட்டைத்துணி அடுக்கிய ஒரு மேசைக்கு மட்டும் உரியவர்.

ஆங்கிலத்தில் இது முதலில் பெயர்ச்சொல்லே அன்று. ஒன்றின் பொறுப்பில் இருக்கும் நிலையைச் சொல்லும் ஒரு தொடர். அதை அப்படியே ஒருவருக்குப் பதவிப் பெயராகச் சூட்டி, 'செக்‌ஷன் இன்சார்ஜ்', 'ஃப்ளோர் இன்சார்ஜ்', 'குடோன் இன்சார்ஜ்' என்று அடுக்கியது நம் நாட்டு ஆங்கிலத்தின் வேலை. அத்தொடரில் உள்ள 'சார்ஜ்' பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு மூலமான பிற்கால இலத்தீன் வினைக்கு வண்டியில் சுமை ஏற்றுதல் என்பது பொருள். வண்டியைக் குறித்த 'கார்ருஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே சரக்கைக் குறிக்கும் 'கார்கோ'வும் நாம் ஓட்டும் 'கார்' என்ற பெயரும் கிளைத்தன. கைப்பேசிக்குச் சார்ஜ் 'ஏற்றுகிறோம்' என்று நாம் சொல்லும்போது, அந்தப் பழைய சுமையைத் தமிழ் வினை தன்னை அறியாமலேயே மீட்டெடுத்துவிடுகிறது.

தமிழில் இதற்கு இணையாக வழங்கும் 'பொறுப்பு' என்ற சொல்லும் சுமையிலிருந்தே பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. பொறு என்னும் வினைக்குத் தாங்குதல் என்பது அடிப்படைப் பொருள். பிறர் சொல்லைத் தாங்குவது பொறுமை, பாரத்தைத் தாங்குவது பொறுப்பு. 'பொறை' என்ற பழஞ்சொல் சுமை, பொறுமை, குன்று ஆகிய மூன்றையும் குறிக்கும். கரூரை அடுத்த புகழூரின் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் சேரர் பெயரோடு வரும் 'இரும்பொறை' கொங்கு நாட்டாருக்கு அறிமுகமானதே. அங்கே அச்சொல்லுக்குக் குன்று என்று பொருள் கொள்வர். வடமொழியிலிருந்து வந்த 'நிர்வாகம்' கூட வேறு வழியில் செல்லவில்லை. சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய 'வஹ்' என்ற வேர்தான் அதற்கும் 'வாகன'த்துக்கும் பொது. ஆக, பாரம் யார் தலையில் என்பதை இன்சார்ஜ், பொறுப்பாளர், நிர்வாகி என்ற மூன்று சொற்களும் சொல்லிவிடுகின்றன. முடிவு யார் கையில் என்பதை அவற்றுள் எதுவும் சொல்வதில்லை.

'மேனேஜர்' என்பது வேறு வகைச் சொல். அதன் மூலம் கையைக் குறிக்கும் இத்தாலியச் சொல். குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறித்த வினை பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, பின்னர் தொழிலையும் ஆட்களையும் நடத்துவதற்கு விரிந்தது. கடிவாளம் பிடித்தவருக்குத் திருப்பும் உரிமையும் உண்டு. அதற்கு நாம் ஆக்கிக்கொண்ட 'மேலாளர்' என்பதில் 'ஆள்' என்னும் வினை நிற்கிறது. மேலாண்மையின் 'ஆண்மை'யும் ஆளும் தன்மையே. முதலை ஆள்பவர் முதலாளி, அவருக்காக மேலிருந்து ஆள்பவர் மேலாளர் என்று சொல்லமைப்பே படிநிலையைக் காட்டிவிடுகிறது. எனவே இன்சார்ஜுக்குத் தமிழ் எது என்ற வினாவுக்கு அகராதியைப் புரட்டினால் மட்டும் விடை கிடைக்காது. அந்தக் கடையில் வேலை எப்படிப் பகுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

கொங்கு நாட்டுப் பழைய ஜவுளிக்கடைகளில் இந்தப் பகுப்பு குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. மூத்தவர் கொள்முதலுக்குப் போவார். நெகமம் பருத்திச் சேலை, இளம்பிள்ளைச் சேலை, சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், ஈரோட்டு வாரச் சந்தைச் சரக்கு என்று எதை, எவ்வளவு, என்ன விலைக்கு எடுப்பது என்பது அவர் கண்ணிலும் விரலிலும் இருக்கும். தம்பி கல்லாவில் உட்காருவார். மற்றொருவர் ஆட்களையும் கிடங்கையும் பார்த்துக்கொள்வார். இவர்களில் எவருக்கும் பதவிப் பெயர் கிடையாது. 'கடையைப் பார்த்துக்கறாருங்க', 'கல்லாவுல உக்கார்றாருங்க' என்ற வினைகளே பதவியைச் சொல்லிவிடும். கல்லாவில் உட்காருவது என்பது காசு வாங்கிப் போடும் வேலை மட்டுமன்று, விலையைக் குறைத்துக் கொடுக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்பதைப் பேரம் பேசும் எந்த வாடிக்கையாளரும் அறிவார். அதனால்தான் அவர் விற்பனையாளரை விட்டுவிட்டு நேரே கல்லாவை நோக்கி, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணா" என்கிறார்.

கிளைகள் பலவாகப் பெருகிய சங்கிலித்தொடர் கடைகளில் இந்த அமைப்பு தலைகீழாகிறது. குடும்பக் கடையில் மிகப் பெரிய அதிகாரமாக இருந்த கொள்முதல், பல நிறுவனங்களில் கடையை விட்டே வெளியேறித் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. விலையும் ஆடித் தள்ளுபடியின் அளவும் அங்கிருந்தே இறங்குகின்றன. கிளையின் தலைவருக்கு மிஞ்சுவன ஆள், தளம், இருப்பு, பணம் ஆகியவை. இவற்றையும் அவர் ஒருவரே சுமப்பதில்லை. துணை மேலாளர் ஒருவர் பணிமுறை அட்டவணையையும் விடுப்பையும் பார்ப்பார். பிரிவுக்கு ஒருவர் அடுக்குகளை நிரப்புவதையும், எது தீர்ந்தது, எது தேங்கியது என்று மேலே தெரிவிப்பதையும் ஏற்பார். பில் போடும் வரிசைகளுக்குத் தலைமைக் காசாளர் ஒருவர் இருப்பார். கடை திறக்கும்போதும் மூடும்போதும் சாவி வைத்திருப்பவர் இவர்களில் ஒருவராகவோ, முறை மாற்றி வரும் வேறொருவராகவோ இருக்கலாம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கத் தமிழ்நாடு அரசு 2019 இல் இசைவு அளித்த பிறகு, பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பொறுப்பை நேரத்தாலும் பகுக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

இந்தப் பகுப்பில் வேலைப்பளுவைக் குறைப்பதற்காகச் செய்வது ஒரு பாதி; மறுபாதி, ஒருவரே தொடக்கமும் முடிவுமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. பில் போட்டவரே அந்தப் பில்லை நீக்க முடியாமல், இன்னொருவரின் கையொப்பமோ கணினிக் குறியீடோ தேவைப்படும்படி வைப்பார்கள். சரக்குக்கு ஆணை கொடுத்தவர் ஒருவர், கிடங்கில் எண்ணி இறக்குபவர் வேறொருவர், கணக்கில் ஏற்றுபவர் மூன்றாமவர். அண்ணனும் தம்பியும் இருந்த கடையில் உறவு செய்த வேலையை இங்கே விதி செய்ய வேண்டியிருக்கிறது. இழை பிசகிய சேலையைக் கொண்டு வந்தவருக்கு இது வெறும் அலைக்கழிப்பாகத் தோன்றலாம். விற்பனைப் பெண்ணுக்கு மாற்றித் தரும் உரிமை கொடுக்கப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பகுப்புத்தான். ஆனால் இன்சார்ஜுக்கும் அது இல்லை, அவர் மேலாளரைக் கேட்க வேண்டும், மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று நீளுமானால், அங்கே சுமையைப் பகுத்திருக்கிறார்களே தவிர அதிகாரத்தைப் பகுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழில் இதற்குப் பழகிய பெயர்கள் இல்லாமலில்லை. கண்ணால் காண்பவர் 'கங்காணி'. கண்காணி என்பதன் பேச்சு வடிவமான இச்சொல் இலங்கை, மலாயாத் தோட்டங்களின் வழியாக ஆங்கில அகராதிக்கே போய்ச் சேர்ந்தது. அந்தத் தோட்டங்களின் கசப்பு அதில் ஒட்டிக்கொண்டுவிட்டதால், இன்று எந்தக் கடையும் தன் ஊழியரை அப்படி அழைக்காது. 'மேற்பார்வையாளர்' சூப்பர்வைசரின் நேர் பெயர்ப்பு. மூலத்திலும் மேலிருந்து பார்த்தல் என்பதே பொருள். 'மேஸ்திரி' போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்து கட்டட வேலையோடு நின்றுவிட்டது. பாரசீக வழியில் வந்த 'குமாஸ்தா'வுக்கு முதற்பொருள் நியமிக்கப்பட்ட முகவர் என்பது. அது இங்கே எழுத்தராகச் சுருங்கிவிட்டது.

அரசு சார்ந்த கடைகளின் பதவிப் பெயர்கள் இந்த வகையில் தனியாரைவிடத் தெளிவாக இருப்பது வியப்புக்குரியது. கூட்டுறவு நியாயவிலைக் கடைகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் 'விற்பனையாளர்', 'கட்டுநர்' என்ற பெயர்கள் வருகின்றன. பொட்டலம் கட்டுபவருக்குக் 'கட்டுநர்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. 2003 முதல் அரசே நடத்திவரும் டாஸ்மாக் சில்லறைக் கடைகளில் கடைத் தலைவருக்குப் பெயர் 'மேற்பார்வையாளர்'. அவருக்குக் கீழே விற்பனையாளரும் உதவி விற்பனையாளரும். 'மேலாளர்' என்ற பெயர் மாவட்ட அளவில்தான் தொடங்குகிறது. விலையைத் தீர்மானிக்கவோ ஆளை அமர்த்தவோ முடியாதவரை மேலாளர் என்று அழைக்காமல் விட்டது சொல்லளவில் நேர்மையான செயல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாதபடி சட்டமும் இதில் தலையிடுகிறது. 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைக்கிறது. ஆனால் அதன் நான்காம் பிரிவு, மேலாண்மை நிலையில் பணிபுரிவோரைச் சட்டத்தின் காப்பிலிருந்து விலக்கிவிடுகிறது. ஒரு மேசைக்கு மட்டும் உரிய ஊழியருக்கு மேனேஜர் என்ற அட்டையை மாட்டிவிட்டு, ஓய்வில்லாமல் வேலை வாங்குவதற்கு இந்த இடைவெளி வழிவிடக்கூடும். தொழிலாளர் வழக்குகளில் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலையின் தன்மையையே பார்த்துவந்திருக்கின்றன. ஆயினும் வழக்கு வரை போகாத ஊழியர்களுக்கு அட்டையில் உள்ள பெயரே சட்டமாகிவிடுகிறது. அதே சட்டத்தில் 2021 இல் சேர்க்கப்பட்ட பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை அமைத்துத் தர வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டுப்படுத்துகிறது. அந்த இருக்கையில் உட்கார விடுவதும் விடாததும் நடைமுறையில் தளத்து இன்சார்ஜின் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

என் பரிந்துரை இது. பிறர் வகுத்த முடிவை ஒரு பகுதியில் நிறைவேற்றி, அங்கே நேரும் குறைக்கு விடை சொல்ல வேண்டியவர் பொறுப்பாளர். அவரைத் தளப் பொறுப்பாளர், பிரிவுப் பொறுப்பாளர், கிடங்குப் பொறுப்பாளர் என்று இடத்தையும் சேர்த்தே அழைக்க வேண்டும், இடமில்லாத வெறும் 'பொறுப்பாளர்' இன்சார்ஜைப் போலவே மழுப்பலாகிவிடும். ஆளை அமர்த்தவும் நீக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும், வேலையை மற்றவருக்குப் பகுக்கவும் உரிமை உள்ளவருக்கு மட்டுமே மேலாளர் பொருந்தும். மற்றவர் வேலையைக் கவனித்து அறிக்கை தருவது மட்டுமே பணி என்றால் மேற்பார்வையாளர் போதும். பணத்துக்குக் 'காசாளர்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அரசு அலுவலகத் தமிழில் 'மேலாளர் (பொறுப்பு)' என்று அடைப்புக்குறியில் எழுதினால், அவர் அப்பதவியைத் தற்காலிகமாகக் கூடுதலாகச் சுமக்கிறார் என்று பொருள். நிலையான மேலாளர் விடுப்பில் இருக்கும் மாதத்துக்கு அந்த வடிவம் சரி. ஆண்டுக்கணக்கில் துணிப்பிரிவைக் கவனித்துவரும் ஒருவரின் சட்டையில் 'பிரிவு (பொறுப்பு)' என்று குத்துவது பிழை. அவர் அங்கே இடைக்காலத்துக்கு வந்தவரல்லர் என்பதால் 'துணிப் பிரிவுப் பொறுப்பாளர்' என்றே முழுமையாக எழுத வேண்டும்.