ஆயிரம் எச்பி கிளட்ச்சும் அல் இத்திஹாத் சாலையும்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, போன குளிர்காலத்தில் ஒரு திருச்சித் தம்பி சி6 கார்வெட் என்ற செவ்ரோலே ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்று சொல்வது பாதிதான் உண்மை. கேட்டுக்குள் நுழைவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றுபோனது. மூன்றாவது முறை தவளை மாதிரி குதித்து உள்ளே வந்தது.

"ஆயிரம் எச்பி தாங்குற கிளட்ச்சுண்ணே. மூணு மாசம்தான் ஆச்சு. தினம் துபாய் போய்ட்டு வர்றதுக்குள்ள இடது கால் செத்துப்போகுது."

வேறொரு இடத்தில் மாட்டியது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் போட்டதும் பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. இருப்பதிலேயே பெரிய எண் போட்ட பெட்டியை எடுத்து மாட்டிவிட்டார்கள். வண்டி எவ்வளவு டார்க் (சுழற்றும் முறுக்கு விசை) தருகிறது, எங்கே ஓடப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அது பிடித்து நிற்க வேண்டியது டார்க்கை. ஒரு சின்ன டர்போ என்ஜின் 7500 ஆர்பிஎம்மில் 500 எச்பி தருகிறது என்றால், அந்த இடத்தில் டார்க் ஏறத்தாழ 475 நியூட்டன் மீட்டர்தான். அதே அளவு எச்பி உள்ள கார்வெட் இசட்06-இன் 7 லிட்டர் எல்எஸ்7 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள்: 505 எச்பி, ஆனால் டார்க் 637. முதல் வண்டிக்குப் போதுமான கிளட்ச் இரண்டாவதில் வழுக்கும். அதனால் பெட்டியில் எச்பி மட்டும் போட்டிருந்தால் அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. டார்க் போட்டிருந்தாலும் அது கிராங்கில், அதாவது என்ஜினின் சுழல் தண்டில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று கேட்பேன். நடுவில் சுமார் 15 சதவீதம் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்றுவிடும்.

தம்பியின் வண்டியில் இருந்தது 6.2 லிட்டர் எல்எஸ்3. கம்பெனியிலிருந்து வரும்போது 430 எச்பி, 575 நியூட்டன் மீட்டர். சூப்பர்சார்ஜர் போட்டபின் டார்க்கை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிய தாளை வாங்கிப் பார்த்தேன்: சக்கரத்தில் 690 நியூட்டன் மீட்டர். திருப்பிப் போட்டால் கிராங்கில் 810-ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் ஒரு கால் பங்கு சேர்த்து, ஆயிரம் நியூட்டன் மீட்டர் தாங்கினால் தாராளம். அவரிடம் இருந்தது அதைவிட எவ்வளவோ அதிகம் தாங்கும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார்.

கிளட்ச்சின் பிடிப்பு நான்கு விஷயங்களில் இருக்கிறது: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் பொருளின் உராய்வு, டிஸ்க்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. பிடிப்பைக் கூட்ட வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றைக் கூட்டியாக வேண்டும். ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதுதான் மலிவான வழி. அந்தக் கூலியை உங்கள் தொடை கொடுக்கும். தொடையோடும் போகாது: நீங்கள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங்கில்தான் போய் முட்டுகிறது. சிக்னலில் கியரைப் போட்டு மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவருக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தால், கிளட்ச் நன்றாக இருக்கும்; என்ஜின் பிரிக்க வரும்.

அடுத்த மலிவு வழி, டிஸ்க்கில் முழு வளையத்துக்குப் பதிலாகத் துண்டு துண்டாகச் செராமிக் வைப்பது. நன்றாகப் பிடிக்கும், சூட்டையும் தாங்கும். ஆனால் ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே இருக்காது. விட்டால் பிடிக்கும், மிதித்தால் விடும், நடுவில் ஒன்றும் கிடையாது. தம்பியின் வண்டி தவளையானது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. கிளட்ச் கொஞ்சம் வழுக்குவது வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரி. வழுக்கவே வழுக்காத கிளட்ச்சைப் போட்டுக்கொண்டு ஒட்டும் டயரில் துள்ளி எடுத்தால், அந்த அடி நேராக டிஃபரன்ஷியலுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும். டிராக் ரேஸ் ஓட்டுபவர் அதற்கும் சேர்த்துச் செலவு செய்வார். ஆபீஸ் போகிறவர் எதற்கு?

மிச்சமிருப்பது முகங்களின் எண்ணிக்கை. ஒரு டிஸ்க்குக்கு இரண்டு முகம், இரண்டு டிஸ்க்குக்கு நான்கு. அதே ஸ்பிரிங், ஏறக்குறைய இருமடங்கு பிடிப்பு. இதே கார்வெட்டை 819 நியூட்டன் மீட்டர் தரும் 2009 மாடல் இசட்ஆர்1 ஆக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் கம்பெனியே வைத்தது இரட்டை டிஸ்க் கிளட்ச். தம்பிக்கும் ஆர்கானிக் பொருள் ஒட்டிய இரட்டை டிஸ்க்கைத்தான் சொன்னேன். விலை அதிகம், மறைக்கவில்லை.

கிளட்ச் பிடித்துக்கொள்ளும் என்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீல் பற்றி ஒரே வார்த்தை: ரொம்ப லேசானதை ரோட்டு வண்டியில் போடாதீர்கள். ஐடிலில் கியர்பாக்ஸ் கலகலவென்று கத்தும், நெரிசலில் அடிக்கடி ஆஃப் ஆகும்.

விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு நான் காட்டுவது வேலையின் அளவை. இந்தக் காரில் என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் தண்டு ஓடும் டார்க் டியூப். கிளட்ச் என்ஜினோடு ஒட்டி இருக்கிறது. அதைத் தொடுவதற்குச் சைலன்சர் குழாயிலிருந்து பின்பக்கக் கிரேடில், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டார்க் டியூப் என்று எல்லாம் இறங்க வேண்டும். எங்களுக்கு இரண்டு ஆள், இரண்டு நாள். அவ்வளவு இறக்கிய பிறகு கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர், பைலட் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், டார்க் டியூபுக்குள் இருக்கும் ரப்பர் கப்ளிங் இவற்றைப் பார்க்காமல் மூடுவது பாவம். ரிலீஸ் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட் விரல்களுக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் மூடுவது அதைவிடப் பாவம். புதுக் கிளட்ச்சின் உயரம் பழையதைப் போலவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்க வேண்டும். பெடலின் விசையைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஆயிலிலிருந்து ஏர் எடுக்கும் நிப்பிள் உள்ளே எட்டாத இடத்தில் இருப்பதால், ஒரு குழாயை வெளியே கொண்டுவந்து விடுவதும் இப்போதே நடக்க வேண்டியது.

இந்த ஆயிலை வைத்தே ஒன்று சொல்ல வேண்டும். பெடல் மேலே வரவில்லை, அதிக ஆர்பிஎம்மில் கியர் விழவில்லை என்று சொல்லி வருகிறவர்களில் சிலருக்குக் கிளட்ச்சே கெட்டிருக்காது. அந்த ஆயில், அதாவது டாட் 4 திரவம், ஈரத்தை உறிஞ்சும். கிளட்ச் தூசியும் சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். இந்த ஊர் வெயிலில் அப்புறம் கேட்கவே வேண்டாம். மேலே உள்ள டப்பாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி, புதிதை ஊற்றி, பெடலைப் பல முறை மிதித்து, மறுபடி உறிஞ்ச வேண்டும். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்துவிட்டு, அப்புறம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். நான்காவது கியரில் 2500-லிருந்து முழுசாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தாவினால்தான் வழுக்கல்.

தம்பியின் வண்டியை மாட்டிக் கொடுத்தபோது, 800 கிலோமீட்டர் வரை முழுசாக மிதிக்கக் கூடாது, முகங்கள் ஒன்றுக்கொன்று படிந்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாளே போன் வந்தது.

"அண்ணே, 800 முடிஞ்சுது. ஃபுஜைரா, ராஸ் அல் கைமான்னு ரெண்டு நாள் சுத்திட்டேன். இனி மிதிக்கலாம்ல?"

ஹைவேயில் ஆறாவது கியரில் போனதில் கிளட்ச்சை எத்தனை முறை மிதித்திருப்பார்? அந்தக் கிலோமீட்டர் கணக்கில் வராது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். காலையில் ஏழரை மணிக்கு, வண்டிகள் நின்று நின்று நகரும் அல் இத்திஹாத் சாலையில் துபாய்ப் பக்கம் போங்கள், அதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை.